பதினோராம் எண் கூண்டு



மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு காலை. திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தோம். மறைக்கல்வி வகுப்புக்குச் செல்லவேண்டிய சிறுவன் ஒருவன் வகுப்பை மறந்து, நம் அங்கியின் கையைப் பிடித்து நிறுத்தி ஒரு கேள்வி கேட்டான்: "ஃபாதர், துறைமுகத்திலே மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்தக் கூண்டுக்குள்ளே என்ன இருக்கும்?"

அருகே நின்ற அவன் பாட்டனார் சிரித்துவிட்டார். "புயலைப் பிடித்து உள்ளே அடைத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், சாமி" என்றார். நாமும் சிரித்தோம். கூண்டுக்குள் ஒன்றும் இராது என்று சொல்லி, அவன் தலையில் சிலுவை வரைந்து வகுப்புக்கு அனுப்பிவைத்தோம். ஆயினும் அவன் கேள்விக்கு நாம் பாதி விடைதான் சொன்னோம். சொல்லாமல் விட்ட மறுபாதி அன்று முழுவதும் நம்மை விட்டு அகலவில்லை. அதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

புயல் கூண்டு என்பது கடலில் உள்ளோர் தொலைவிலிருந்தே கண்டுகொள்வதற்கான அடையாளம். கூம்பாகவும் உருளையாகவும் செய்த வெற்று உருவங்களைப் பகலில் துறைமுகக் கம்பத்தில் ஏற்றுவர். இரவில் அவற்றுக்கு ஈடாகச் சிவப்பு, வெள்ளை விளக்குகளை ஏற்றுவர். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஓர் எண் உண்டு. ஒன்றும் இரண்டும், தொலைவான கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகியிருப்பதை அறிவிப்பவை. மூன்றும் நான்கும், துறைமுகத்துக்கே கேடு நேரலாம் என்னும் உள்ளூர் முன்னெச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பத்தாம் எண், கடும் புயல் துறைமுகத்தின் மீதோ அதற்கு மிக அருகிலோ கடந்து செல்லும் என்பதைக் குறிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் நம் கண்முன்னே வேரோடு சாய்ந்த மரங்களை எண்ணிப் பார்ப்போர்க்கு, கடும் புயல் என்பது இன்னது என்று விளக்கவேண்டியதில்லை.

பத்துக்கு மேல் என்ன இருக்கமுடியும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பதினொன்று உண்டு. அதன் பொருள் இது: வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு இருந்த செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது, அங்கிருந்து ஒரு சொல்லும் வாரா நிலை, மோசமான வானிலைக்கு இடமுண்டு என்று துறைமுக அலுவலர் தாமே முடிவு செய்திருக்கிறார். இவ்வளவுதான். காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது என்பதை அது சொல்வதில்லை. குரல் நின்றுவிட்டது என்பதை மட்டும் சொல்கிறது. கடலையும் காற்றையும் நன்கறிந்த மாலுமிகளுக்கென வகுக்கப்பட்ட வரிசையில், பெரும் புயலுக்கும் அப்பால், இறுதிப் படியில் நிற்பது மௌனமே. சிந்திக்கச் சிந்திக்க இது நமக்கு ஆழ்ந்த பொருளுடையதாகத் தோன்றுகிறது.

அக்குரல் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். தியாகராய நகரிலிருந்து சிறிது தொலைவில், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் மண்டல வானிலை ஆய்வு மையம் உள்ளது. அவ்விடத்தின் வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே வானாய்வகம் ஒன்றைக் கட்டினர். மைக்கேல் டாப்பிங் என்னும் அறிஞர் அதன் திட்டத்தை வகுத்தவர். தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நிறுவிய மாபெரும் கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறித்த எழுத்துக்களோடு, அவ்வளாகத்தில் இருக்கிறது. 1796 முதல் கோல்டிங்காம் என்பவர் காற்றையும் மழையையும் வெப்பத்தையும் குறித்து வரலானார். 1899-இல் விண்மீன் ஆராய்ச்சி கொடைக்கானல் மலைக்குச் சென்றது. வானிலைப் பணி இங்கேயே தங்கிவிட்டது.

மழையை அளந்து எழுதிவைப்பது ஒன்று; வரப்போகும் புயலை மக்களுக்கு உரிய நேரத்தில் சொல்வது வேறொன்று. 1864-இல் கல்கத்தாவைப் பெரும் புயல் ஒன்று பாழாக்கியது. அதன் பின்னரே அத்துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு தோன்றியது. 1875-இல் இந்திய வானிலைத் துறையும் நிறுவப்பெற்றது. அதே காலத்தில் கடல் கடந்த நாடுகளில் இப்பணியைத் தொடங்கியோருள் நம் திருச்சபையின் குருக்களும் இருந்தனர் என்பதை இளைய தலைமுறையினர் அறிந்துகொள்ளட்டும். இயேசு சபைத் துறவியான பெனித்தோ வீஞெஸ் அடிகளார் கியூபாவின் ஹவானா நகரிலிருந்து 1875-இல் புயல் எச்சரிக்கை வெளியிட்டார். அதே சபையைச் சார்ந்த ஃபெடரிக்கோ ஃபாவுரா அடிகளார் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவிலிருந்து 1879-இல் எச்சரிக்கை தந்தார். செயற்கைக்கோள் இல்லாத அக்காலத்தில் அவர்கள் காற்றழுத்தமானியையும் மேகத்தின் போக்கையும் கொண்டே புயலை உணர்ந்தனர். உணர்ந்ததை நூலில் எழுதி வைத்து ஓயாமல், மக்களுக்கு முன்கூட்டியே அறிவித்தனர்.

இன்று கருவிகள் பெருகியுள்ளன. 2002-இல் சென்னைத் துறைமுகப் பகுதியில் டாப்ளர் ராடார் நிறுவப்பெற்றது. செயற்கைக்கோள்கள் மேகத்தின் சுழற்சியை மேலிருந்து படம் பிடிக்கின்றன. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலுக்குப் பின், எச்சரிக்கையை நான்கு படிகளாகத் தரும் முறை வந்தது. முதலில் மூன்று நாள்களுக்கு முன் பொதுவான முன்னறிவிப்பு. இரண்டு நாள்களுக்கு முன் உஷார் செய்தி. ஒரு நாளுக்கு முன் உறுதியான எச்சரிக்கை. கரை கடப்பதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன், கடந்த பின் நேரக்கூடியவை பற்றிய அறிவிப்பு. பல ஆண்டுகள் இந்த அறிவிப்புகளை நிதானமான குரலில் தந்த எஸ். ஆர். ரமணன் அவர்களை, விடுமுறைக்கு ஏங்கிய பள்ளிப் பிள்ளைகள் கூட நன்கறிவர்.

இவ்வறிவிப்பு கரைக்குச் செல்லும் வழிகளுள் முதன்மையானது வானொலி. 1938 ஜூன் 16 அன்று சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. பின்னர் அது சாந்தோம் பக்கமாகக் கடற்கரைச் சாலைக்கு வந்தது. புனித தோமையாரின் கல்லறைமீது எழுந்த பேராலயத்திலிருந்து அந்நிலையத்துக்கு நடந்தே சென்றுவிடலாம். புயல் நெருங்கும் நாள்களில் செய்தியறிக்கைகளுக்கிடையே மீனவர்களுக்கான எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மரியன்னைக்கு மங்களச் செய்தி கொண்டுவந்த கபிரியேல் தூதரை, தந்தி, தொலைபேசி, வானொலி ஆகியவற்றில் பணிபுரிவோரின் பாதுகாவலராகப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் அறிவித்தார். ஒருவர் சொல்லை மற்றொருவரிடம் கூட்டாமல் குறைக்காமல் சேர்ப்பிப்பது தூதருக்குரிய பணி என்பதை இதனினும் அழகாகச் சொல்ல இயலாது.

வானொலியிலும் ஒரு குறை இருந்தது. பெட்டியை அணைத்துவிட்டு உறங்குபவனுக்கு அது பயன்படாது. அக்குறையைப் போக்க, 1980-களின் நடுவில் இன்சாட் செயற்கைக்கோளின் வழியே தனி ஏற்பாடு ஒன்று செய்யப்பெற்றது. வடதமிழகக் கரையிலும் தென்னாந்திரக் கரையிலும் அரசு அலுவலகங்களிலும் பிற பொது இடங்களிலும் சிறு பெட்டிகள் வைக்கப்பெற்றன. சென்னையிலுள்ள புயல் எச்சரிக்கை நிலையத்தின் செய்தி செயற்கைக்கோளுக்குச் சென்று திரும்பி, வேண்டிய வட்டாரத்துப் பெட்டிகளை மட்டும் எழுப்பும். முதலில் சங்கு ஊதும். பிறகு மக்கள் பேசும் மொழியிலேயே எச்சரிக்கை ஒலிக்கும்.

இதன் பயனை ஓர் ஒப்புமையால் அறியலாம். 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் கிருஷ்ணா ஆற்று முகத்துவாரத்தில், திவிசீமைப் பகுதியில், புயலும் பேரலையும் சுமார் 10,000 உயிர்களைக் கொண்டுசென்றன. 1990 மே மாதத்தில் அதே கரையைக் கடும் புயல் மீண்டும் தாக்கியது. அம்முறை இறந்தோர் 967 பேர். அதுவும் பெருந்துயரமே. எனினும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் கடல் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை, செய்தி உரிய நேரத்தில் சென்று சேர்ந்தது, கேட்டவர்கள் எழுந்தார்கள், இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசென்றார்கள். பெட்டி ஊதியது; ஆனால் கிழவிகளையும் குழந்தைகளையும் தூக்கிச் சென்றவை மனிதரின் கைகள்.

குரல் சென்று சேராத இடங்களில் நேர்ந்தவற்றையும் நாம் மறக்கலாகாது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடி அழிந்தது. புயலில் தொடர்புகள் அறுந்த நிலையில், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி, முன்னே என்ன இருக்கிறது என்று அறியாமலே சென்று, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலில் மூழ்கியது. 2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. காலை ஆறரை மணியளவில் சுமத்திரா அருகே கடலடி நிலம் நடுங்கியது. நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் மெரினாவில் நடந்துகொண்டிருந்தவர்களுக்கோ, வேளாங்கண்ணியில் மாதாவைத் தரிசித்துவிட்டுக் கடற்கரையில் நின்றவர்களுக்கோ சொல்வார் ஒருவரும் இல்லை. ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007-இல்தான் ஐதராபாத்தில் தோன்றியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் நம் கத்தோலிக்க மீனவச் சகோதரர் பலர் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் ஆழ்கடலில் இருந்தனர். அவர்கள் படகிலிருந்த வானொலிக் கருவிகளுக்குக் கரை எட்டவில்லை. எச்சரிக்கை கரையோடு நின்றது. கடற்கரைப் பங்குகளில் காணாமற்போனோரின் பட்டியல் நீண்டது.

அதே 2004-இல் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவ ஊரில் நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். கடலின் நிலையை நாள்தோறும் ஊராருக்கு அறிவிப்பதற்காக அங்கே ஓர் அறிவு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அவ்வூரைச் சார்ந்த ஒருவர் சிங்கப்பூரில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு, உடனே தொலைபேசியில் வீட்டாரை எச்சரித்தார். வீட்டார் தாம் மட்டும் ஓடிவிடவில்லை. செய்தி மையத்துக்குச் சென்றது. பூட்டைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். ஊரே கரையைவிட்டு விலகியது. படகுகளும் வீடுகளும் சேதமுற்றன, மக்கள் பிழைத்தனர். அந்தமானிலோ, தொலைபேசி அறுந்துபோன நிலையில், போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவருடைய தோழர்களும், ஹாம் வானொலி எனப்படும் தங்கள் சிறு கருவிகளைக் கொண்டு அத்தீவுகளை வெளியுலகோடு இணைத்தனர்.

இவற்றையெல்லாம் நாம் எங்கோ யாருக்கோ நேர்ந்தவை என்று எழுதவில்லை. நம் கதையையும் சொல்லியாகவேண்டும். சொல்லாதிருப்பது நேர்மையன்று.

2015 டிசம்பர் 1. அதற்கு முந்திய நவம்பர் முழுவதும் மழை. நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் நூறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. ஏரிகள் நிரம்பி, நிலம் நீரை ஏற்க மறுத்த நிலை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடியாக உயர்ந்தது. வழியிலுள்ள மற்ற ஏரிகளின் நீரும் சேர்ந்து அடையாற்றில் இறங்கியது.

அக்காலத்தில் நாம் அவ்வாற்றை அடுத்த ஒரு பங்கில் பணியாற்றிவந்தோம். இருட்டும் வேளையில் பங்கைச் சார்ந்த ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஃபாதர், ஏரியில் தண்ணீர் அதிகமாகத் திறந்திருக்கிறார்கள். ராத்திரி ஆறு ஏறும். ஆற்றோரம் இருக்கிறவர்கள் மாடிக்குப் போய்விடுவது நல்லது" என்றார். அவருக்கு நன்றி சொன்னோம். சிறிது நேரத்தில் தொலைபேசி செயலிழந்தது. மின்சாரம் முன்னரே இல்லை.

உடனே வேலையில் இறங்கினோம். ஞானஸ்நானப் பதிவேடுகள், திருமணப் பதிவேடுகள், நூறு ஆண்டுப் பழமையான இறப்புப் பதிவேடு, திருவுடைகள், பாத்திரங்கள், ஒலிபெருக்கிப் பெட்டி ஆகிய அனைத்தையும் கோவில்பிள்ளையும் சமையற்காரரும் நாமுமாக மேல்மாடிக்கு ஏற்றினோம். இரவு பத்து மணிக்கு எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆண்டவருக்கு நன்றி கூறி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெபமாலை சொல்லிவிட்டுப் படுத்தோம்.

ஆற்றை ஒட்டிய சந்து ஒன்றில், தரைத்தள வீட்டில், முதிய தம்பதியர் இருவர் வாழ்ந்துவந்தனர். பிள்ளைகள் வெளிநாட்டில். கணவர் பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தார். மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை அவருக்கு நற்கருணை கொண்டுசெல்வது நாமே. ஆலயத்திலிருந்து அவ்வீடு பத்து நிமிட நடை. அவ்விரவு அந்த வீட்டின் நினைவு நமக்கு ஒருமுறையும் வரவில்லை.

நள்ளிரவுக்குப் பின் நீர் அவர்கள் வீட்டுக்குள் புகுந்தது. மூதாட்டி கத்தினார், மழையில் யாருக்கும் கேட்கவில்லை. கணவரைத் தூக்க அவருக்கு வலுவில்லை. கட்டில் மிதக்கத் தொடங்கியபோது, மார்பளவு நீரில் நின்று, விடியும்வரை அவர் தலையை நீருக்கு மேல் தாங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து தெருத்தெருவாகத் துழாவினர். அவர்களே இருவரையும் மீட்டனர். கணவர் ஆறாம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். கல்லறையிலிருந்து திரும்பும்போது அந்த அம்மாள் நம்மிடம் சொன்னார்: "சாமிக்குத் தெரிந்திருந்தால் ஆள் அனுப்பியிருப்பீர்கள். உங்களுக்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பாவம்."

நாம் பதில் சொல்லவில்லை. அன்று நம் வாயில் ஏறியிருந்தது பதினோராம் எண் கூண்டு.

இரண்டு வாரங்கள் கழித்து, பாவசங்கீர்த்தனம் செய்துகொண்ட பின், அவர் தங்கியிருந்த உறவினர் வீட்டுக்குச் சென்று உண்மையைச் சொன்னோம். செய்தி நமக்கு வந்தது என்பதையும், நாம் புத்தகங்களை மாடிக்கு ஏற்றினோம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இனிமேல் வேறு யாருக்கும் அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாமி" என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அவர் இட்ட அந்தக் கட்டளையை நிறைவேற்றவே இப்பக்கத்தை எழுதுகிறோம்.

எசேக்கியேல் ஆகமத்தின் 33-ஆம் அதிகாரத்தைத் திறந்து படியுங்கள். ஆண்டவர் அங்கே ஒரு காவலாளியைக் காட்டுகிறார். வாள் வருவதைக் கண்டு அவன் எக்காளம் ஊதினால், கேட்டும் எழாதவனின் இரத்தப்பழி கேட்டவன் தலைமேலேயே இருக்கும். கண்டும் ஊதாமல் இருந்தால், அழிந்தவனின் பழி காவலாளியிடம் கேட்கப்படும். காவலாளி யார் என்று பல ஆண்டுகள் மறையுரை ஆற்றியிருக்கிறோம். குருக்கள் என்றும் பெற்றோர் என்றும் ஆசிரியர் என்றும் சொல்லியிருக்கிறோம். செய்தி எவனிடம் வந்து சேர்கிறதோ அவனே அந்த நிமிடம் முதல் காவலாளி என்பதை 2015-க்குப் பிறகே உணர்ந்தோம். நுங்கம்பாக்கத்து அலுவலர் தம் கடமையைச் செய்துவிடுகிறார். வானொலி நிலையத்தார் தம் கடமையைச் செய்துவிடுகின்றனர். செய்தி நம் வீட்டு வாசல்வரை வந்துவிடுகிறது. நம் வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குள்ள பத்தடி தூரத்தைக் கடக்க எந்தச் செயற்கைக்கோளும் வாராது.

கேட்பவர்க்கும் கடமை உண்டு. "போன தடவையும் வரும் வரும் என்றார்கள், வெயில்தான் அடித்தது" என்று ஏளனம் செய்யும் வழக்கம் நம் இல்லங்களில் உள்ளது. கடலில் சுழலும் புயல் ஒரே நேர்கோட்டில் வருவதில்லை, கரையருகே வந்தும் திரும்பும், வலுவிழக்கும், வலுக்கும். சில பத்து மைல் விலகினாலும் ஓர் ஊருக்கு வரவேண்டியது மற்றோர் ஊருக்குச் சென்றுவிடும். நமக்கு வராதது யாருக்கோ வந்தது என்பதே உண்மை. அப்போஸ்தலர் பணி 27-ஆம் அதிகாரத்தில், பயணம் வேண்டாம் என்று புனித சின்னப்பர் எச்சரித்தபோது, நூற்றுவர் தலைவன் அவரைவிட மாலுமியையும் கப்பல் உரிமையாளனையும் நம்பினான். தென்றல் மெல்ல வீசியதும், எண்ணியது கைகூடியது என்று மகிழ்ந்து புறப்பட்டார்கள். சிறிது நேரத்தில் சூறைக்காற்று கப்பலைப் பற்றிக்கொண்டது. மெல்லிய காற்றைக் கண்டு எச்சரிக்கையை எள்ளி நகையாடியோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

ஹாம் வானொலியில் பழகியவர் ஒருவரிடம் நாம் கற்றுக்கொண்ட ஒழுங்கு ஒன்று உண்டு. நெருக்கடிச் செய்தியைச் சொல்லிவிட்டால் அவர்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. கேட்டவர் அச்செய்தியைத் திருப்பிச் சொல்லவேண்டும். பெற்றேன் என்று மறுமொழி தரவேண்டும். அதுவரை செய்தி போய்ச் சேர்ந்ததாக அவர்கள் எண்ணுவதில்லை. திருப்பலியில் குருவின் மன்றாட்டுக்கு நீங்கள் ஆமென் என்று விடை தருவதும் இத்தகையதன்றோ! கதவைத் தட்டிவிட்டு வந்துவிடுவது போதாது. உள்ளிருந்து குரல் வரும்வரை நிற்கவேண்டும்.

இவ்வளவும் சொன்ன பின், செய்யத்தக்கவற்றைச் சொல்லாமல் விடலாகாது. இப்போது நாம் பணியாற்றும் பங்கில் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறோம். உங்கள் பங்குகளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன், ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் தனித்து வாழும் முதியோர், படுக்கையில் உள்ளோர், காது கேளாதோர், கைக்குழந்தை உள்ள வீடுகள் ஆகியவற்றைப் பட்டியல் எடுக்கிறது. வீடு எத்தளத்தில் உள்ளது என்பதையும் எழுதுகிறோம். கத்தோலிக்கர், மற்றையோர் என்ற வேறுபாடு இப்பட்டியலில் இல்லை. வெள்ளம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் இருவர் பெயர் எழுதப்படுகிறது. ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் செல்வார். மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் வாரந்தோறும் வீடுகளைச் சந்திப்பவர்களாதலால், இப்பொறுப்பை முதலில் ஏற்றவர்கள் அவர்களே.

மூன்றாவது, வீட்டுக்கு ஒரு சிறு வானொலிப் பெட்டி, மின்கலத்தால் இயங்குவது, வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டோம். இளைஞர் சிலர் சிரித்தனர். கைபேசியிலேயே அரசின் எச்சரிக்கை வருகிறதே என்றனர். வருகிறது, அதைப் புறக்கணிக்கவேண்டாம். ஆனால் கைபேசிக்குத் தெருவுக்குத் தெரு கோபுரம் வேண்டும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்று, கோபுரத்து மின்கலங்களும் தீர்ந்தால் கைபேசி ஊமை. வானொலிக்கோ, எங்கோ தொலைவில் ஒரே ஓர் ஒலிபரப்பி நின்றால் போதும். நம் பக்கத்தில் இரண்டு மின்கலங்கள் போதும். 2015-இல் கைபேசிகள் ஓய்ந்துபோன இரவை மறவாதவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

நான்காவது, ஆலயமணி. திருப்பலிக்கும் மரணத்துக்கும் அடிப்பதுபோல் அன்றி, இடைவிடாமல் நீண்ட நேரம் அடித்தால் அதற்குப் பொருள், பட்டியலில் உள்ளோர் தத்தம் வீடுகளுக்குப் புறப்படவேண்டும் என்பது. ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்போடு, இதைப் பழகிப் பார்க்கிறோம்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது நமக்கு மட்டும் உரியது. பதிவேடுகள் இருக்கும் அலமாரியின் கதவில், உட்புறமாக, அந்த முதியோர் பட்டியலை ஒட்டிவைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் எப்பதிவேட்டை எடுக்கத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அப்பெயர்களே. புத்தகங்கள் நனைந்தால் நனையட்டும்.

அந்தச் சிறுவனை அடுத்த ஞாயிறு மீண்டும் கண்டோம். மறுபாதி விடையையும் சொன்னோம்: பத்தோடு வரிசை முடிவதில்லை, பதினொன்று உண்டு, அதன் பொருள் இது என்று. அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் யாருமே பேசவில்லை என்றால்தான் ரொம்ப ஆபத்தா, ஃபாதர்?" என்று கேட்டான். ஆம் என்றோம். அவன் பாட்டனாரின் பெயரும் பட்டியலில் உள்ளது. அவ்வீட்டுக்குச் செல்லவேண்டிய இருவரின் பெயர்களையும் அவனுக்குச் சொல்லிவைத்தோம்.

இந்த மழைக்காலத்தில் உங்கள் இல்லங்களையும், கடலில் உள்ள நம் சகோதரரையும், இரவெல்லாம் விழித்திருந்து நமக்காக வானத்தைப் பார்ப்போரையும் ஆண்டவர் காப்பாராக. இன்று மாலை ஜெபமாலை முடிந்ததும், உங்கள் அடுத்த வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள். உள்ளிருந்து யார் பதில் தருகிறார் என்று அறிந்து வாருங்கள்.